ஆற அமர

செவ்வந்திநாதன் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டுதான் நிற்பார். தொழில் அப்படி. திருச்சி விண்தூக்கி நிலையத்தில் முப்பத்தோரு வருடமாக டைம் கீப்பர். வண்டி புறப்பட ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு விசில், அரை நிமிடம் இருக்கும்போது இன்னொரு விசில், அதற்குப் பிறகும் ஏறாமல் முறுக்கு வாங்கிக்கொண்டிருக்கும் பயணிக்கு வாய்க்கு வந்த வசவு. மனிதர்கள் வானத்தைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள், நேரத்துக்கு வண்டி ஏறத்தான் இன்னும் பழகவில்லை என்பது அவருடைய தீராத மனத்தாங்கல்.

அந்த அவசரத்தை நிலையத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தார். அது முழுக்க அவர் மனைவி அகிலாண்டத்தின் தலையில்தான் விடிந்தது.

அகிலாண்டத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மாலை வகுப்பில் சேர்ந்து கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டவள். கோயிலுக்குப் போனால் சாமிக்கு இரண்டு நிமிடம், சுவருக்கு மீதி நேரமெல்லாம். "இந்தம்மா விளக்கெரிக்க தொண்ணூறு ஆடு குடுத்திருக்காங்க. யாரு ஞாபகமா குடுத்தாங்கன்னு அடுத்த வரியில..." என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து "பாத்தாச்சுல்ல? நட" என்று குரல் வரும். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒரு கல்வெட்டைக்கூடக் கடைசி வரிவரை படித்ததில்லை. "பதறாத காரியம் சிதறாதுங்க" என்பாள். "பதறலேன்னா வண்டி போயிடும்" என்பார் அவர். வண்டியே வராத இடத்திலும் அதையேதான் சொல்வார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த மகள் வேனில்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். அவளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். "கல்யாண வேலை தலைக்கு மேல இருக்கு, இப்ப போயி ஊர் சுத்தச் சொல்றியா?" என்று செவ்வந்திநாதன் குதித்தார். "அப்பா, நான் போனதுக்கப்புறம் வீட்டுல நீங்க ரெண்டு பேரும்தான். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அம்மா இஷ்டத்துக்கு ஒரு இடத்தைப் பாக்கட்டும்" என்றாள் மகள். மறுநாளே அவர் லீவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் அவர்கள் ஆம்பலுக்கு வந்து இறங்கினார்கள்.

ஆம்பல் ஒரு சின்ன உலகம். அதில் இருப்பது ஓர் இடிந்த நகரம் மட்டும். நாற்பதாயிரம் வருடப் பழமை என்றார்கள். கட்டியவர்கள் யார், எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் விட்டுப்போனதில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் வேலை செய்தது. நகரத்தின் தரைக்கு அடியில் இருந்த அந்த இயந்திரம் காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. அதைத் திருப்பும் விதத்தை மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதும் நாம் என்ன செய்வோம்? சுற்றுலாத் தலம் ஆக்கினோம். ஷட்டில் வண்டி விட்டோம். 'இடிபாடுகளை உங்கள் வேகத்தில் பாருங்கள்' என்று பலகை வைத்தோம்.

சுருக்கம் என்று ஒரு வேகம். உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு மணி. நிதானம் என்று இன்னொன்று. உள்ளே மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தால் வெளியே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று நாள் வயது கூடும், அவ்வளவுதானே என்று பெரும்பாலானோர் அதையே எடுத்தார்கள். வேனிலும் அம்மாவுக்கு அதைத்தான் எடுத்திருந்தாள். மூன்றாவதாகவும் ஒரு வேகம் இருந்தது. துண்டுப் பிரசுரத்தில் அதற்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கி, சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். செவ்வந்திநாதன் முதல் பக்கத்தோடு நிறுத்திப் பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் அகிலாண்டம், நடைமேடையில்.

"நான் வந்தா உன்னை வெரட்டிக்கிட்டே இருப்பேன். நீ போ. நான் கேண்டீன்ல இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டு ஏறினாள். பதினான்காம் எண் இருக்கை, ஜன்னலோரம். மணிக்கட்டில் அதே எண்ணும் பெயரும் போட்ட பட்டையைக் கட்டினார்கள். செவ்வந்திநாதன் ஜன்னலுக்கு வெளியே நின்றார். ஊர்ப் பேருந்து நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் நிற்பதைப் போலவே எல்லா ஜன்னலுக்குக் கீழேயும் ஆட்கள் நின்றார்கள். அவருக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, பத்து பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டி பத்து பன்னிரண்டு ஆகியும் நின்றது. இன்னொன்று, ஜன்னலுக்குள் இருந்த முகம். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி அது மலர்ந்திருந்தது. இந்த முகத்தையா இத்தனை வருடம் விரட்டினோம் என்று அவருக்குத் தோன்றியது.

"அகிலா, ஒண்ணும் அவசரமில்ல. ஆற அமரப் பாத்துட்டு வா" என்றார்.

சொன்னதும் அவருக்கே அது புதிதாக இருந்தது. அகிலாண்டம் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தாள். அவளுடைய இருக்கையிலிருந்து ஒரு குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது. எல்லை, உறவினர், சம்மதம் என்று அரைகுறையாகக் காதில் விழுந்தது. செவ்வந்திநாதனின் கண் கைக்கடிகாரத்துக்குப் போயிருந்தது. மூன்று நிமிடத் தாமதம்! நம் ஊராக இருந்தால் ஓட்டுநருக்கு மெமோ பறந்திருக்கும்.

"ஆகட்டும், ஆகட்டும். வண்டிய எடுங்க!" என்று ஜன்னலுக்குக் கீழே தகரத்தைத் தட்டினார்.

வண்டி புறப்பட்டது. பத்து பதிமூன்று.

கேண்டீனில் வரிசை நீளமாக இருந்தது. அதற்கும் முணுமுணுத்தார். ஒருவழியாக டபரா தம்ளரில் காபியை வாங்கிக்கொண்டு கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்தார். வெளியே சாம்பல் நிற மேட்டுக்கு அப்பால் இடிந்த நகரத்தின் வாசல் தெரிந்தது. ஷட்டில் ஏழு நிறுத்தத்தையும் சுற்றிவிட்டு ஒன்பது நிமிடத்தில் திரும்ப வேண்டும். பத்து இருபத்திரண்டுக்கு மேட்டின் மேல் அது தலைகாட்டியது. "பரவால்ல, வர்றதுல கரெக்டா வர்றான்" என்று சொல்லிக்கொண்டு காபியில் வாய் வைத்தார். நாக்கைச் சுட்டது. டபராவில் ஊற்றி ஆற்றத் தொடங்கினார்.

வண்டியிலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கியது. ஒரு கிழவி. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். தும்பைப் பூவாக நரைத்த தலை. ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்து அவள் கேண்டீனுக்குள் வந்தாள். மேசை மேசையாகப் பார்த்தாள். பிறகு நேராக இவரிடம் வந்து நின்றாள்.

"செவ்வந்தி" என்றாள்.

குரல் துருப்பிடித்த கீல் போல இருந்தது. அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது உலகத்தில் யாரும் இல்லை. அம்மா போய்ப் பத்து வருடமாகிறது. தூரத்துச் சித்தி யாராவது சுற்றுலா வந்திருக்கிறார்களோ என்று எழுந்து, "நீங்க யாரும்மா? அடையாளம் தெரியலியே. உக்காருங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு விரலை நீட்டி டபராவைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆறவே இல்லியா?" என்றாள். "இன்னும் ஆறவே இல்லியா!"

நீட்டிய கையில் பட்டை இருந்தது. வருடக்கணக்கில் கட்டியே இருந்ததால் அதன் இருபுறமும் தோல் மடிந்து தொங்கியது. எழுத்து தேய்ந்திருந்தது. ஆனாலும் முப்பத்தோரு வருடம் இருக்கை எண் பார்த்துப் பழகிய கண் அது. பதினான்கு. அகிலாண்டம் செ.

செவ்வந்திநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தம்ளர் மேசையில் விழுந்து உருண்டது. பக்கத்து மேசைக்காரர் "பாத்து சார்" என்றார். இவருக்குக் காது கேட்கவில்லை. மூக்கு அதே மூக்கு. இடது புருவத்தில் அந்த வெட்டு, வேனிலுக்கு நடை பழக்கும்போது கதவில் இடித்துக்கொண்டது. கண் கொஞ்சம் பூத்திருந்தது. அதற்குள்ளிருந்து அவளேதான் பார்த்தாள்.

"என்னடி இது? என்னடி பண்ணுனாங்க உன்னை?" என்று கத்தினார். கேண்டீன் முழுக்கத் திரும்பியது. "ஒன்பது நிமிஷம்தானடி ஆச்சு!"

அவளைத் தொடப் பயமாக இருந்தது. தொடாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

ஓடிவந்தது நிலைய அதிகாரி ஜெசிந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்த மாதிரிக் கூச்சலை முன்பும் கேட்டவள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. இருவரையும் ஒரு தனி அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அகிலாண்டத்தின் பட்டையை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது.

"எவ்வளவு?" என்றார் செவ்வந்திநாதன்.

"இருபத்தொன்பது வருஷம் சார்."

"மெஷின் ரிப்பேரா?"

"இல்ல சார். ஆற அமர."

"என்னது?"

"மூணாவது வேகம் சார். அதுக்குப் பேரே ஆற அமரதான். பிரசுரத்துல சிவப்புக் கோடு போட்டிருக்குமே. உள்ள போறவங்க எத்தனை காலம் வேணும்னாலும் இருக்கலாம், வெளிய பத்து நிமிஷம்கூட ஆகாது. சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் உள்ள மெஷினே குடுத்துரும். ஆனா ஒடம்பு அதோட கணக்கை அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கும்."

"நாங்க நிதானம்தானே எடுத்தோம்? யாரு மாத்துனது?"

ஜெசிந்தா கருவியில் எதையோ தொட்டாள். அறைக்குள் அவருடைய குரலே வந்தது. 'ஒண்ணும் அவசரமில்ல. ஆற அமரப் பாத்துட்டு வா.' அடுத்து இருக்கையின் குரல், பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக: 'வேகம், ஆற அமர. கால எல்லை இல்லை. உள்ளே செல்பவருக்கு வயது கூடும். திரும்பி வரும் நாளை அவரே முடிவு செய்வார். வெளியே நிற்கும் உறவினர் இதற்குச் சம்மதிக்கிறாரா?' அதற்கு மேல் தகரத்தைத் தட்டும் சத்தம். 'ஆகட்டும், ஆகட்டும். வண்டிய எடுங்க!'

செவ்வந்திநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேயறைந்த முகத்தோடு கருவியையே பார்த்தார்.

"இது... இது சும்மா சொல்ற வார்த்தைங்க. சாப்பிடும்போது சொல்வோம், கடைக்குப் போனா சொல்வோம். எந்த ஊர்ல இதைப் போயி உத்தரவுன்னு எடுத்துக்குவாங்க?"

"எந்த டிக்கெட் எடுத்திருந்தாலும், இருக்கைக்குப் பக்கத்துல வாயால சொல்ற வேகம்தான் சார் கணக்கு. அதுக்கு நல்ல தமிழ்ப் பேரா வைக்கணும்னு வச்சுட்டாங்க. அதனாலதான் ரெண்டாவது தடவை கேக்குறோம். மொதல்ல உள்ள போறவங்க சொன்னாப் போதும்னு இருந்துது. அப்ப நெறைய குடும்பம் வந்து அழுதாங்க. நீங்க யாரு எங்க வீட்டு ஆளைக் கெழவனாக்கி அனுப்பன்னு. அதுக்கப்புறம்தான் வெளிய நிக்கிறவங்க வாயால ஆகட்டும்னு சொல்லணும்னு விதி போட்டோம். நீங்க ரெண்டு வாட்டி சொல்லிருக்கீங்க சார்."

"கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க சார். ஆனா இதையும் கேட்டுட்டுப் போங்க" என்றாள் ஜெசிந்தா. குரலில் கடுமை இல்லை, சங்கடம்தான் இருந்தது. "உள்ள மெஷின் தினமும் காலைல அவங்களை ஒரு கேள்வி கேக்கும். இன்னைக்கு வண்டி ஏறுறீங்களான்னு. ஆமான்னு சொன்னா அந்த நிமிஷமே வெளிய வந்துரலாம். ஒரு நாள் விடாம கேட்டிருக்கு. பத்தாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல."

"இவ என்ன சொன்னா?"

ஜெசிந்தா அகிலாண்டத்தைப் பார்த்தாள். அகிலாண்டம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்னு சொல்லிருக்காங்க சார். எல்லா நாளும்."

ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். அறையில் இருவரும் தனியே இருந்தார்கள். ஒருவர் ஐம்பத்தைந்து, இன்னொருவர் எண்பத்தொன்று. காலையில் விடுதியில் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரியவர்கள்.

அகிலாண்டம்தான் முதலில் பேசினாள். பேச்சு பழக்கமற்றுப் போயிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நிறைய இடம் விட்டாள்.

"வேனிலோட பெரியவனுக்கு வேலை கெடச்சிருச்சா?"

"யாரு பெரியவன்?"

"அவ மூத்த பையன்." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல இல்ல? நானா வச்சுக்கிட்டது அது. அங்க உக்காந்து, இந்நேரம் அவளுக்கு இத்தனை பிள்ளைங்க இருக்கும், இந்த வயசு இருக்கும்னு... பேரெல்லாம்கூட வச்சிருந்தேன்."

செவ்வந்திநாதன் "ஏன்டி வரல?" என்றார்.

"நான் நிதானம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க ஆற அமரன்னு சொல்லிட்டீங்க. அது திருப்பிக் கேட்டுது. ஆகட்டும் ஆகட்டும்னு தட்டி அனுப்பி வச்சீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. இவருக்குள்ள இவ்வளவு பெரிய மனசான்னு. போறப்பயே அழுதேன். ரெண்டு வருஷம் உங்களை நெனச்சு அழுதேன். எந்தப் புருஷன் இப்படித் தூக்கிக் குடுப்பான், எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோன்னு?"

அவர் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெருமையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பெரிதாக நினைத்தது இது ஒன்றுக்குத்தான். ஆனால் அந்தப் பூத்த கண்ணைப் பார்த்துக்கொண்டு அவரால் முடியவில்லை.

"நான் கவனிக்கலடி" என்றார். "அது என்ன கேட்டுதுன்னே எனக்குத் தெரியாது. வண்டி மூணு நிமிஷம் லேட்டு. அந்த எரிச்சல்ல சொன்னேன்."

அகிலாண்டம் அவரைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. இருபத்தொன்பது வருடமாக வெளிச்சம் தந்த ஒன்றை யாரோ வந்து அணைத்துவிட்டுப் போனது போல அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படியா" என்றாள்.

"மன்னிச்சுருடி."

"சரி விடுங்க. நான்தானே தெனமும் இன்னும் கொஞ்சம்னு சொன்னேன். அதுல உங்க பங்கு என்ன இருக்கு?"

"அப்படி என்னதான் இருந்துது அங்க?"

"ஒரு சொவரு" என்றாள். அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "முதல் நிறுத்தத்துலயே இருக்கு. ஒன்பதாயிரம் வரி. நம்ம கோயில் சொவரு மாதிரிதான். மொதல்ல ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு விஷயம்னு நெனச்சேன். ஒவ்வொருத்தர் கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முன்னாடி ஒரு எண்ணிக்கை. அப்புறம் வாசல் மாதிரி ஒண்ணு. கடைசியில ஒரு வளைவு. அந்த வளைவு என்னன்னு புரியத்தான் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"என்ன அது?"

"அந்த ஊரு சனங்க உள்ள போயிப் போயி ஒக்காந்துக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் வெளிய வர மனசு வரல. அந்தக் காலத்துல மெஷினை இப்படித் திருப்பி வைக்கல, வெளியயும் நாள் ஓடிக்கிட்டே இருந்துது. வெளிய நின்னவங்க அந்த வாசல்ல வந்து எழுதி வச்சது அது. முன்னூறு நாளு ஆச்சு, இன்னும் வரலையா? நாலாயிரம் நாளு ஆச்சு, இன்னும் வரலையா? ஒன்பதாயிரம் வரியும் ஒரே கேள்விதாங்க. கடைசி வரி எழுதுனவங்களுக்குக் கை நடுங்கியிருக்கு. எழுத்து கோணக் கோணப் போகுது. அதுக்குக் கீழ வெறும் கல்லு."

அறை ஜன்னலுக்கு அப்பாலும் தெரிந்த அந்த வாசலைச் செவ்வந்திநாதனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"அது புரிஞ்ச அன்னைக்கு மெஷின் வந்து கேட்டுது. ஏறுறேன்னு சொல்லிட்டேன். அந்தப் பதட்டத்துல வெளிய நேரம் நகராதுங்கறதே மறந்துபோயி, அவங்க மாதிரி நீங்களும் காத்துக்கிட்டுக் கெடப்பீங்கன்னு ஓடி வந்தேன். வந்து பாத்தா..." அவள் சட்டென்று சிரித்தாள். பல் பாதி இல்லை. "உங்க காபிகூட ஆறல. அதுதாங்க விஷயமே. எவ்வளவு நேரம் இருந்தாலும் வெளிய யாரும் காத்துக்கிட்டு இல்ல. பொறந்ததுலேருந்து யாராவது ஒருத்தர் எனக்காக வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பாங்க. அங்க ஒருத்தரும் நிக்கல. அந்த ருசி கண்டுட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்தார். சுருங்கி, லேசாக, சூடே இல்லாமல் இருந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என் ஞாபகம் வரலையா?"

"ஏன் வராம?" என்றாள் அவள் ஆச்சரியத்தோடு. "தெனமும் வரும். சொவருல படிச்சுக்கிட்டே இருக்கும்போது, பின்னாடிலேருந்து நீங்க கூப்பிட்ட மாதிரி இருக்கும். பதறிப்போயித் திரும்பிப் பாப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நிம்மதியா இருக்கும்."

குத்தலே இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதனால்தான் அவருக்கு அப்படி வலித்தது. பிடித்த கையை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

வேனில். தொலைபேசிக்கு ஆம்பலும் ஒன்றுதான், திருச்சி அரியமங்கலமும் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட காலம். எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பாள். செவ்வந்திநாதன் திரையை மேசையில் கவிழ்த்து வைத்தார். மேசை அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"குடுங்க" என்றாள் அகிலாண்டம்.

"வேணாம் அகிலா. நான் மெதுவா சொல்லிக்கிறேன். ஊருக்குப் போயி..."

"பதினேழு நாள்ல கல்யாணம். மெதுவான்னா எப்ப? குடுங்க."

அவளே எடுத்து, எங்கே தொடுவது என்று தெரியாமல் தேடி, ஒருவழியாகத் தொட்டாள். திரையில் வேனில் வந்தாள். கழுத்தில் அளவு நாடா. பின்னால் தையற்காரரின் இயந்திரம் ஓடும் சத்தம். இருபத்துநான்கு வயது. அகிலாண்டம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருடமாக நினைவில் வைத்திருந்து, தேய்ந்து, கடைசியில் மூக்கு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோன முகம்.

"அப்பா, அம்மா எங்க? ப்ளவுஸுக்கு..." என்று தொடங்கிய வேனில் நிறுத்தினாள். திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். அடுத்த நொடி வெடித்துச் சிரித்தாள்.

"ஐயோ அம்மா! என்னம்மா இது? அங்க இதெல்லாம்கூட வச்சிருக்காங்களா? சூப்பரா இருக்கும்மா! அப்படியே கெழவி மாதிரி! இருங்க இருங்க, ஆடாதீங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

படம் எடுக்கும் சத்தம் கேட்டது. அகிலாண்டம் ஆடாமல் இருந்தாள்.

"அப்பாவுக்கும் போடுங்க, ஒரு ஜோடியா எடுக்கலாம். கல்யாண ஆல்பத்துல முதல் பக்கத்துல வச்சிருவேன். அப்பா, என்னப்பா மூஞ்சி இப்படி இருக்கு? வாங்க, பக்கத்துல வந்து உக்காருங்க."

செவ்வந்திநாதன் எழுந்து போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இருவர் முகமும் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. மகன் ஒருவன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"போதும்மா, அந்த ஃபில்டரை எடு" என்றாள் வேனில். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் முன்பு போல இல்லை. "ரொம்ப நேரம் பாத்தா ஒரு மாதிரி பயமா இருக்கு. எடுத்துரும்மா."

அகிலாண்டம் விரலை நீட்டித் திரையில் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"எடுக்க வரல கண்ணு" என்றாள்.